பார்னியின் இடது காது

எங்கள் வீட்டில் மனிதர்கள் இரண்டு பேர், நாய்கள் நான்கு. நான்கும் கிரேட் டேன் ஜாதி. எழுந்து நின்றால் கன்றுக்குட்டி உயரம். அவை சோபாவில் படுத்தது போக மிச்சமிருக்கும் இடத்தில் நான் உட்கார்ந்துகொள்ளலாம் என்பது என் மனைவி ரோவீனா போட்ட சட்டம். வெர்மான்ட் மலைச்சாலைகளில் ஆயுசு முழுக்கப் பால் லாரி ஓட்டியவன் நான். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தால் உட்கார ஒரு நாற்காலி கிடையாது.

ரோவீனா குட்டி வளர்த்து விற்கிறவள். வருடத்துக்கு ஒரு ஈற்றுதான். அதற்கு மேல் எந்தப் பெட்டையையும் பாடுபடுத்த மாட்டாள். ஒவ்வொரு ஈற்றிலும் ஒரு குட்டி துணைநாய்ப் பயிற்சி மையத்துக்குத் தானமாகப் போய்விடும். நடை தள்ளாடுகிறவர்களும் கைகால் நடுக்கமுள்ளவர்களும் சாய்ந்து நடக்க உயரமான, கனமான நாய் வேண்டும். அதற்கு டேனை விட்டால் வேறு நாய் இல்லை. இப்படித் தானம் கொடுக்கிறவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள். விலைபோகாமல் தங்கிவிட்ட குட்டியைக் கொடுத்துவிட்டுப் புண்ணியம் கட்டிக்கொள்வார்கள். ரோவீனாவிடம் அது கிடையாது. மையத்து ஆள் வந்து முதலில் பொறுக்க வேண்டும், காசு கொடுக்கிறவர்களுக்கு அதற்குப் பிறகுதான்.

"கல்யாணத்துக்கு வந்தவனை வாசல்ல நிக்க வெச்சுட்டு, வழியில போறவனுக்கு முதல் பந்தி போடற ஆளு நீ" என்று நாய் சங்கத்து டெல்பர்ட் ஒருமுறை அவளிடம் சொன்னான்.

"வழியில போறவனால நிக்க முடியலை, டெல்பர்ட். உனக்குத்தான் ரெண்டு கால் இருக்கே, நில்லு" என்றாள்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. எனக்குத் தெரியும். ஒரு வருடம் மாவட்டச் சந்தையில், ஒரு பெண் பெரிய கறுப்பு டேனின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு பார்வையாளர் படிகளில் ஏறினாள். ஒரு படி, ஒரு மூச்சு. நாய் அவள் மூச்சுக்குக் காத்திருந்து அடுத்த படி ஏறியது. ரோவீனா வாங்கிய எலுமிச்சைச் சாற்றைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுத்த ஈற்றிலிருந்து தானம் தொடங்கிவிட்டது.

இதுவரை கொடுத்ததில் அவளுக்கு மகுடம் என்றால் பார்னிதான். மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் ஜூனிபர் போட்ட முதல் ஈற்று. பயிற்சி முடிந்து, ஆற்றங்கரை ஊரில் தனியாக இருக்கும் ஏமஸ் ப்ரௌட்டி என்ற பெரியவரிடம் போய்ச் சேர்ந்திருந்தான். அவருக்குப் பார்க்கின்சன் நோய். பார்னி வருவதற்கு முன் வீட்டை விட்டு வெளியே வராதவர், இப்போது தினமும் பாலத்தைக் கடந்து போய் உணவுக்கடையில் காப்பி குடித்துவிட்டு வருகிறார். பக்கத்தில் தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு போனாலும் பார்னி அசைய மாட்டான் என்று மையத்தில் எல்லாரும் சொல்வார்கள். புதிதாக வருகிற பயிற்சியாளர்களுக்கு அவன் கதையைத்தான் முதலில் சொல்வார்களாம். இதைக் கேட்டுவிட்டு வரும் நாள்களில் ரோவீனா எனக்கு ஆப்பிள் பை என்ற பலகாரம் சுட்டுத் தருவாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆனால் ஊரே பொன் என்று சொல்லும்போது காக்கை என்னதான் செய்யும்?

அதனால்தான் அதே ஜோடியை மறுபடி சேர்த்தாள். ஜூனிபர் கறுப்பு, நெஞ்சில் கொஞ்சம் வெள்ளை. அப்பன் கனடாவில், கியூபெக்கில் ஒருவர் வீட்டு நாய், கழுத்தைச் சுற்றி வெள்ளைக் காலர் போட்ட மாதிரி இருப்பான். அதுவரை கறுப்பு மட்டுமே வளர்த்தவள், அந்த வெள்ளைக் காலரின் அழகில் மயங்கித்தான் அவனைத் தேடிப் போனாள். குட்டிகள் ஜனவரியில் பிறந்தன. பெயர் வைக்கும் வரை அடையாளத்துக்குக் கழுத்தில் கலர் ரிப்பன் கட்டுவோம். பச்சை ரிப்பன் கட்டியது ஒரு பெட்டைக் குட்டி. முகம் முக்கால்வாசி வெள்ளை.

குட்டிகளுக்கு ஏழு வாரம் ஆனதும் ரோவீனா ஒரு சோதனை வைப்பாள். களஞ்சியத்தில் குட்டியை விட்டுவிட்டு, அதன் பின்னால் இரும்புச் சட்டியின் மூடியைப் போடுவாள். ஓடிப்போய் ஒளிகிற குட்டி சந்தடியில்லாத வீட்டுக்கு. துள்ளிவிட்டுத் திரும்பி வந்து மூடியை மோந்து பார்க்கிற குட்டி நல்ல குட்டி. தலையை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்கிற குட்டி எப்போதோ ஒன்றுதான் பிறக்கும். பார்னி அப்படித்தான் பார்த்தான். பச்சையும் அப்படியே பார்த்தாள்.

மையத்திலிருந்து ஜோலீன் வந்தாள். பனி உருகி வழியெல்லாம் சேறாகும் காலம். எங்கள் பாதையில் அவள் வண்டி சிக்கி, நான் டிராக்டர் கட்டி இழுத்துத்தான் உள்ளே வர முடிந்தது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் களஞ்சியத்துக்குத் தூக்கிப் போய்க் குடையை விரித்தாள், சாவிக்கொத்தை எறிந்தாள், மல்லாக்கப் படுக்கவைத்துப் பிடித்தாள். கடைசியில் மூடியைப் போட்டாள். பச்சை நிதானமாகத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜோலீனின் முகத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவ என்ன, நம்மளைப் படிக்கறா!" என்றாள் ஜோலீன். "மிசஸ் டேட்ரோ, இவதான். தடுப்பூசி முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அன்று ஆப்பிள் பை கிடைத்தது.

அடுத்த வாரம் மற்ற குட்டிகள் வாங்கினவர்களோடு ஒவ்வொன்றாகக் கிளம்பின. பச்சை மட்டும் தங்கினாள். களஞ்சியத்தில் தனியாகக் கிடப்பாளே என்று சமையலறைக்குக் கொண்டுவந்தோம். ஒரு காலை நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது கை தவறி வார்ப்பிரும்புச் சட்டியே கீழே விழுந்தது. நான் போட்ட சிமெண்ட் தளம். குண்டு வெடித்த மாதிரி சத்தம். நான்கு பெரிய நாய்களும் எகிறிக் குதித்தன. ஜூனிபர் மேஜையை முட்டிக் காப்பியைக் கொட்டினாள். மேஜைக்கு அடியில் பச்சை தூங்கிக்கொண்டிருந்தாள்.

செத்துவிட்டதோ என்று முதலில் பயந்தேன். விரலால் தொட்டேன். கண்ணைத் திறந்து வாலை ஆட்டினாள். பின்னால் போய் நின்று கை தட்டினேன். பெயர் இல்லாத குட்டியை எல்லாப் பெயராலும் கூப்பிட்டேன். இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன். அந்த விசிலுக்குப் பக்கத்துப் பண்ணை மாடே நிமிர்ந்து பார்க்கும். பச்சை என் செருப்பின் வாரைக் கடித்துக்கொண்டிருந்தாள், திரும்பவே இல்லை.

களஞ்சியத்தின் தரை பலகை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூடி விழுந்தால் பலகை அதிரும். குட்டி அதைக் காலால் கேட்டிருக்கிறது.

ரோவீனா வெளியே தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"உனக்குத்தான் காது மந்தம், கிளைட். போய் முட்டையைப் பாரு."

"நீயே வந்து பாரு."

வந்தாள். குட்டி மறுபடி தூங்கும் வரை காத்திருந்து, மூடியை எடுத்து அதன் தலைமாட்டில் சிமெண்ட் தரையில் போட்டாள். இன்னொரு முறை போட்டாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்து குட்டியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"மத்ததுங்க எழுந்திரிச்சா இதை இடிச்சுக்கிட்டுத்தான் போகும். அதுல இதுவும் முழிச்சுக்கும். கூட்டமா இருந்த வரைக்கும் நமக்குத் தெரியலை" என்றாள்.

"சரி, ஜோலீனுக்கு போன் போட்டு வேற குட்டி தரோம்னு சொல்லிடு. இது நம்ம வீட்லயே கிடந்துட்டுப் போகட்டும். ஏற்கெனவே எனக்கு நாற்காலி இல்லை."

அவள் சிரிக்கவில்லை. குட்டியின் காதை மடித்து உள்பக்கத்தைப் பார்த்தாள். வெள்ளையும் ரோஜா நிறமுமாக இருந்தது. "தலை ரொம்ப வெளுத்தா காது போயிடும்னு வெள்ளை நாய் வளக்கறவங்க சொல்வாங்க. நம்ம வீட்ல கறுப்புதானே, அந்தக் கதையெல்லாம் நமக்கு எதுக்குன்னு இருந்துட்டேன்." குட்டியின் வெளுத்த முகத்தைத் தடவினாள். பிறகு, "கிளைட், பார்னிக்கும் பாதி முகம் வெள்ளை" என்றாள்.

பேச்சு எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. "பார்னியை எதுக்கு இழுக்கறே? ஒழுங்கா வேலை செஞ்சுட்டு இருக்கான். அந்தப் பெரியவரு நல்லா இருக்காரு. ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதே."

"தீயணைப்பு வண்டி போனாலும் அசைய மாட்டான்னு சொன்னாங்களே. ஏன் அசையலை?"

"நல்ல நாய், அதனால அசையலை."

"நானும் அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்றாள். "அவரு தடுமாறி விழப் போறப்ப 'நில்லு'ம்பாரு. அது கேக்கலைன்னா? அவரோட எலும்பு முறிஞ்சப்புறம் எனக்கு முன்னாடியே தெரியும்னு சொல்லிக்கிட்டு இருக்கவா?"

அன்றே ஜோலீனைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். பச்சையைப் பற்றிச் சொன்னாள். பிறகு பார்னியைப் பற்றியும் சொன்னாள்.

"எலும்பு, கண், இதயம் எல்லாம் பார்த்தோம். காது பார்க்கலை" என்றாள் ஜோலீன். "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது, மிசஸ் டேட்ரோ. இப்ப தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி வெச்சுக்க முடியாது."

"அதுக்குத்தான் சொன்னேன்."

"பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போகணும். அவர்கிட்ட நாங்க பேசிக்கறோம்."

"வேண்டாம். குட்டி என்னோடது, தப்பும் என்னோடது. நானே போய்ச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை போனோம். வழியெல்லாம் மேப்பிள் சாறு காய்ச்சும் கொட்டகைகளிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் வண்டியை நிறுத்தி ஒரு டோனட் வாங்கியிருப்பேன். ரோவீனா மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, சர்ச்சில் உட்கார்ந்திருப்பதைப் போல உட்கார்ந்திருந்தாள்.

ப்ரௌட்டி கதவைத் திறந்தார். ஒல்லியான, நெட்டையான மனிதர். வலது கை நிற்காமல் நடுங்கியது. இடது கை பார்னியின் தோளில் இருந்தது. அந்தக் கை நடுங்கவில்லை.

"யாரு வந்திருக்காங்கன்னு பாருடா. உன் பிறந்த வீட்டு ஆளுங்க" என்று நாயிடம் சொன்னார். எங்களைப் பார்த்து, "உள்ள வாங்க. காப்பி நான்தான் போடுவேன். பாதி தரையில ஊத்துவேன், மீதி உங்களுக்கு" என்றார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பார்னி விலகி வந்தான். எங்களை ஒரு சுற்று மோந்தான். ரோவீனாவின் கை அவன் தலைக்கு மேலே போய் நின்றுவிட்டது.

"தொடலாமா, மிஸ்டர் ப்ரௌட்டி?"

"சேணம் மாட்டலை, வேலை நேரம் இல்லை. தாராளமா."

அவள் தொட்டாள். பார்னி தன் முழுக் கனத்தையும் அவள் தொடையில் சாய்த்தான். என் மனைவி அழுகிறவள் இல்லை. அன்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். இவனோட கூடப் பிறந்த குட்டி ஒண்ணுக்குச் சுத்தமா காது கேக்கலை. அதே அப்பா, அதே அம்மா. பார்னிக்கும் கேக்காம இருக்கலாம்."

ப்ரௌட்டி காப்பியைக் கலக்கிக்கொண்டே, "இடது காது" என்றார்.

"என்னது?"

"இடது காது கேக்காது. வலது காது நல்லாவே கேக்கும். ஸ்கூல் பஸ் ஓட்டினவன் நான், மிசஸ் டேட்ரோ. காது கேக்காத புள்ளை எது, கேக்காத மாதிரி நடிக்கற புள்ளை எதுன்னு முதுகைக் காட்டிக்கிட்டே சொல்வேன். இவனை இந்த ரூம்லேர்ந்து கூப்பிட்டா அந்த ரூமுக்குப் போய்த் தேடுவான். சத்தம் வருது, எங்கேருந்து வருதுன்னு தெரியலை. வந்த முதல் வாரமே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"மையத்துல சொல்லலையா?"

"எதுக்கு? வந்து கூட்டிட்டுப் போறதுக்கா?" என்று சிரித்தார். "துணைநாய் எப்பவும் ஆளுக்கு இடது பக்கம்தான் நடக்கணும். கேக்கற காது என் பக்கம், கேக்காத காது ரோட்டுப் பக்கம். லாரிக்காரன் ஹாரன் அடிச்சா எனக்குக் கேக்கும். நான் 'நில்லு'ன்னா இவனுக்குக் கேக்கும். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

ரோவீனா தலையைக் குனிந்துகொண்டாள். "இவன் அசையாம நிக்கறதைப் பார்த்து, எங்க வளர்ப்பு, எங்க ரத்தம்னு ஊரெல்லாம் பெருமை பேசினேன். கடைசியில காது கேக்காததைப் போய்..."

"யாரு சொன்னா?" ப்ரௌட்டி எட்டிப் பால் காய்ச்சும் பாத்திரத்தை எடுத்தார். பார்னியின் வலது பக்கமாகத் தரையில் போட்டார். அவர் சமையலறையிலும் பலகை இல்லை, சிமெண்ட் தரைதான், அதிர வாய்ப்பே இல்லை. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. பார்னி வெடுக்கென்று திரும்பினான். பாத்திரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக ப்ரௌட்டியிடம் போனான். அவர் இடது பக்கம் நின்று, கால்களை அகட்டி ஊன்றி, அவர் கை வருவதற்காகக் காத்திருந்தான்.

"கேட்டுச்சு, பாத்தீங்களா? நீங்க ரெண்டு பேரும் பாத்திரத்தைப் பாத்தீங்க. இவன் நான் விழுந்துட்டேனான்னு பாத்தான். அதுக்குக் காது காரணம் இல்லை, அம்மா. அது நீங்க குடுத்தது."

அந்த வாரம் முழுக்க இறுகிக் கிடந்த ரோவீனாவின் முகம் இளகியது. அத்தோடு எழுந்து வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அவள் வந்த காரியம் இன்னும் மிச்சமிருந்தது.

"மிஸ்டர் ப்ரௌட்டி, நான் ஏற்கெனவே மையத்துல சொல்லிட்டேன். பரிசோதனைக்கு வருவாங்க."

அவர் கரண்டியை வைத்தார். இப்போது இரண்டு கைகளும் நடுங்கின.

"சொல்லிட்டீங்களா? என்னை ஒரு வார்த்தை கேக்காம?"

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பேன். நாளைக்கு நீங்க விழுந்து..."

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. குடுத்தவங்களே வந்து பல்லைப் பிடிச்சுப் பாக்கறதை இப்பத்தான் பாக்கறேன்." அவர் குரல் உயர்ந்தது. "ரெண்டு காதும் கேக்கணும்கறது அவங்க விதி. கழிச்சு விட்டுடுவாங்க. கழிச்சா எங்க போவான்? எனக்குத் தெரியாதா? வேலைக்கு ஆகாத நாய், வளத்தவங்க கிட்டயேதான் திரும்பிப் போகணும். உங்களை மாதிரி ஆளுங்க எல்லாரும் அப்படித்தானே எழுதி வாங்கிக்கறீங்க?"

அது உண்மைதான். வளர்க்கிறவர்கள் எல்லாருக்கும் உள்ள பிடிவாதம் அது. தன் குட்டி எந்தக் காலத்திலும் அநாதையாகக் கூடாது என்பதற்காக ரோவீனாவும் அப்படித்தான் கையெழுத்து வாங்கியிருந்தாள்.

"ஆமா. என்கிட்டதான் வருவான்" என்றாள். "வந்தா அன்னிக்கே உங்ககிட்ட கொண்டாந்து விடறேன்."

"அன்னிக்கேவா? இவன் இப்ப உங்க மேல சாஞ்சப்ப உங்க மூஞ்சியை நான் பாத்தேன். ஒரு தடவை உங்க வாசல்ல காலை வெச்சான்னா, அவன் அம்மா, உங்க அடுப்பு, உங்க கொட்டகை... நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளுவீங்க. உங்களைக் குத்தம் சொல்லலை. நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கதவை நீங்களே சாத்திட்டுப் போங்க. வழியனுப்ப வரணும்னா எனக்கு நாய் வேணும்."

திரும்பும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அப்பவே சொன்னேன்" என்றேன். ஊர் எல்லையில் சேணம் தைக்கிறவனின் கடை வந்தபோது ரோவீனா, "வண்டியை நிறுத்து" என்றாள். மையத்துச் சேணத்தை மையமே எடுத்துக்கொள்ளும் என்பதால், பார்னியின் அளவுக்குக் கைப்பிடி வைத்த தோல்பட்டை ஒன்றைச் செய்யச் சொன்னாள். ஞாயிறு என்றும் பாராமல் அவன் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தாள்.

ப்ரௌட்டி சொன்ன மாதிரியேதான் நடந்தது. பார்னியைக் கூட்டிப்போய்த் தலையில் கம்பிகளை ஒட்டிச் சோதித்தார்கள். இடது காது சுத்தமாக இல்லை, வலது காதில் குறையே இல்லை. மையத்தில் கூடிப் பேசினார்கள். முடிவாகும் வரை நாயை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். இதற்கிடையில் ரோவீனா ஜூனிபருக்குக் கருத்தடை செய்தாள். அவளிடம் இருந்த பெட்டைகளில் அதுதான் சிறந்தது. கியூபெக்கில் அந்த அப்பன் நாயை வைத்திருக்கிறவருக்குப் போன் போட்டுச் சொன்னாள். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாருக்கும் சொன்னாள். பச்சைக்கு இடம் தேடவே இல்லை. அவள் எங்கள் வீட்டில் என் செருப்புகளைத் தின்று வளர்ந்தாள்.

நான் ஒருநாள் தனியாக ப்ரௌட்டியைப் பார்க்கப் போனேன், கொஞ்சம் பீன்ஸ் சூப் எடுத்துக்கொண்டு. கதவு திறந்துதான் கிடந்தது. எழுந்து வந்து திறக்க முடியாது என்பதால் தாழ் போடுவதில்லையாம். கட்டிலிலிருந்து குளியலறை வரை ஒரு கயிறு கட்டியிருந்தார். நெற்றியில் பிளாஸ்திரி.

"பாலத்துப் பக்கம் போறதில்லையா?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"பாலம் எங்கேயும் போகாது, அங்கேயே இருக்கும்" என்றார். சூப்பைத் தொடவில்லை. "உங்க வீட்டம்மா எப்படி இருக்காங்க?"

"தூங்கறதில்லை."

"நல்லது. எனக்கும் துணைக்கு ஆள் இருக்கு." பிறகு மெதுவாக, "அவங்களே அவனை வெச்சுக்கிட்டாங்கன்னா வந்து சொல்லிடு, கிளைட். காத்துக்கிட்டே இருக்க வெச்சுடாதே" என்றார்.

இதை நான் ரோவீனாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று அப்புறம் தோன்றியது. அவள் பார்னிக்கென்று ஒரு போர்வையைத் துவைத்து அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போட்டாள். அந்தப் போர்வையைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எத்தனை பேர் நல்ல எண்ணத்தோடு ஒரு போர்வையைத் துவைத்து, அந்த ஆசையிலேயே விழுந்திருக்கிறார்கள்! மூன்று வருடமாகப் பார்னியின் படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறவள். அவன் வந்தால் விடுவாளா என்று எனக்கே நிச்சயமில்லை.

ஜோலீனின் வண்டி வந்த அன்று சேறு காய்ந்திருந்தது. இழுக்க வேண்டியிருக்கவில்லை. ரோவீனா கோட்டுகூடப் போடாமல் முற்றத்துக்கு வந்தாள். வண்டிக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. ஜூனிபர் வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு கால்களையும் தூக்கிக் கம்பியில் வைத்துக்கொண்டு குரைத்தாள். களஞ்சியத்து வைக்கோல் வாசனை அவனை எட்டியிருக்க வேண்டும். வாலால் வண்டியின் பக்கச் சுவரை டம் டம் என்று அடித்துக்கொண்டிருந்தான்.

ஜோலீனின் கண் சிவந்திருந்தது. "என்னால முடிஞ்ச வரைக்கும் பேசினேன், மிசஸ் டேட்ரோ. அவங்க கேக்கலை."

"தெரியும்மா. எங்க கையெழுத்துப் போடணும்?"

வண்டியின் பானட்டில் வைத்தே போட்டாள்.

"இப்ப இவன் யாரோட நாய்?"

"உங்களோடது."

"முழுசா?"

"முழுசா."

ஜோலீன் பின்கதவின் கைப்பிடியில் கை வைத்தாள். கதவு ஒரு சாண் திறந்தது. வெள்ளையும் கறுப்புமாகப் பார்னியின் மூக்கு வெளியே வந்தது. அடுத்து ஒரு முன்னங்கால். ரோவீனா பாய்ந்து போய் அந்தக் காலைப் பிடித்து உள்ளே தள்ளினாள். தானும் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டியை எடு, ஜோலீன். மிஸ்டர் ப்ரௌட்டி வீட்டுக்கு."

"அய்யோ, நான் எப்படி... மையத்துல தெரிஞ்சா..."

"நீ நாயைக் கொண்டாந்து குடுத்துட்டே. உன் வேலை முடிஞ்சுது. இப்ப ஒரு கிழவியை அவ நாயோட வழியில இறக்கி விடறே. அதுக்குமா விதி இருக்கு?"

பார்னி அவள் முகத்தை நக்கிக்கொண்டிருந்தான். வேலியில் ஜூனிபர் குரைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"ரோவீனா, இவ்ளோ தூரம் வந்திருக்கான். ஒரு நிமிஷம் இறங்கி அவன் அம்மாவைப் பாத்துட்டுப் போகட்டுமே. கொஞ்சம் தண்ணியாவது குடிக்கட்டும்."

அவள் இரண்டு கைகளாலும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். முகம் அவன் தோளில் புதைந்திருந்தது.

"வேண்டாம், கிளைட்" என்றாள். "இறங்கிட்டான்னா, அப்புறம் என்னால ஏத்த முடியாது."

நான் அவளுடைய கோட்டையும் அந்தத் தோல்பட்டையையும் எடுத்துவர உள்ளே போனேன்.